பட்டணத்து ஐந்தடியில் படுப்பவர்களுக்கு நாற்பது கட்டில் இல்லமா, வாடகை வீடா?

சிப்புட் மணியம்
மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களும், இங்கிருந்து பிழைப்புத் தேடி ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போனவர்களும் கருத்துச் சொல்லுங்கள்.

பட்டணத்துக் கடைகளின் ஐந்தடியிலும் (கடை முன்னால் கூரை போட்ட நடைபாதை) பஸ் நிலையத்திலும் இரவில் படுப்பவர்களில் நம்மவர்கள் கணிசம். அவர்களில் பலருக்கு மனநோய் இருப்பது பார்த்தாலே தெரிகிறது. எங்கள் சங்கம் வெள்ளிக்கிழமை இரவுகளில் சோற்றுப் பொட்டலம் கொடுத்து வருகிறது. இப்போது ஒரு குத்தகையாளர் (காண்டிராக்டர்), செம்பனைத் தோட்டத்து ஓரமாக இரண்டு ஏக்கர் நிலம் தருகிறேன், நாற்பது கட்டில் போட்டு ஓர் இல்லம் கட்டுங்கள் என்கிறார். செயற்குழுவில் எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. அடிக்கல் நாட்டு விழாவுக்கு யாரை அழைப்பது என்பது வரை பேசியாகிவிட்டது.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. பட்டணத்திலேயே இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு மூன்று பேரைக் குடிவைத்து, தினமும் ஓர் ஆள் போய்ப் பார்த்து வந்தால் என்ன என்று கேட்டேன். "பைத்தியத்தின் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று சிரித்தார்கள். நான் கேட்டது அவ்வளவு அபத்தமா?

தாமான்வாசி
அபத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாடகை வீடு எந்தத் தாமானில், எந்தக் குடியிருப்புப் பகுதியில் வரும்? எங்கள் வரிசையில் ஏற்கெனவே மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, அதனால்தான் கேட்கிறேன். எனக்கு வயதான தாயார் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருடம் ஒருவர் நள்ளிரவில் எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டே கத்தினார். போலீஸ் வந்து அழைத்துப்போனது. மறுவாரமே அவரைப் பசாரில் பார்த்தேன். அப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேனா? தோட்டத்து ஓரத்தில் காற்றோட்டமாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு புண்ணியவான் சொல்லும்போது ஏன் தடுக்கிறீர்கள்?

செம்பனைக்காட்டான்
தோட்டத்து ஓரத்தில் காற்றோட்டம் இருக்கும், பஸ் இருக்காது. ஐந்து மணிக்கு மேல் அங்கே மனித நடமாட்டமே கிடையாது. மருந்துக்கும் கடைக்கும் அவர்கள் எப்படி வருவார்கள் என்று குத்தகையாளரைக் கேளுங்கள்.

பழைய மிஸ்ஸி
மணியம் தம்பி, நான் மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. செம்மோர் வழியாகப் போனால் நம் ஊரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளை மிரட்டாத பாட்டி பேராக்கில் இருந்திருக்க மாட்டாள். ஒரு காலத்தில் அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களில் பலர் முடி நரைத்து அங்கேயே முடிந்துபோனார்கள். நோய் தணிந்த பிறகும் இருந்தார்கள், ஏனென்றால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. நாற்பது கட்டில் என்றதும் எனக்கு அவர்கள் முகம்தான் நினைவுக்கு வருகிறது. அதே இடத்தைச் சின்ன அளவில் கட்டப்போகிறீர்கள், அதுவும் டாக்டர் இல்லாமல்.

இன்றைய நடைமுறை வேறு. 2001-இல் மனநலச் சட்டம் இயற்றினார்கள், அது 2010-இல் நடப்புக்கு வந்தது. மெந்தாரி என்ற சமூக மனநல மையங்கள் நாடு முழுவதும் பல இடங்களில் வந்துவிட்டன. மருந்து பிடித்ததும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு இருப்பவருக்கு அது வரம். இல்லாதவர் என்ன செய்வார்? முகவரி கேட்டால் பிறந்து வளர்ந்த லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, முகவரியைச் சொல்வார். எங்கள் குழுவினர் ஊசியை எடுத்துக்கொண்டு அந்த முகவரியைத் தேடிப் போயிருக்கிறார்கள். லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள் நிற்கும்.

"மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் இந்த நிலைமை வருமா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐந்தடியில் படுத்துப் பாருங்கள். இரவு மாத்திரை போட்டால் அடித்துப்போட்டதுபோல் தூக்கம் வரும். அப்படித் தூங்கினால் காலையில் செருப்பு இருக்காது, பை இருக்காது, பைக்குள் இருந்த அடையாள அட்டையும் இருக்காது. அதனால் வேண்டுமென்றே மாத்திரையை விடுகிறார்கள். அதை நான் பிடிவாதம் என்று சொல்ல மாட்டேன், காவல் என்றுதான் சொல்வேன். குளோசபின் என்றொரு மருந்து இருக்கிறது. மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் அதைத் தொடங்கினால் முதல் 18 வாரங்களுக்கு வாரந்தவறாமல் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தெருவில் இருப்பவருக்கு எந்த டாக்டர் துணிந்து எழுதிக் கொடுப்பார்?

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மனநோய்க்காக மாற்றுத்திறனாளி அட்டை வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். அட்டை இருந்தால்தான் மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கே மனுப்போட முடியும். வீடு இல்லாததால் சிகிச்சை அறுந்துபோகிறது, சிகிச்சை அறுந்ததால் அட்டை இல்லை, அட்டை இல்லாததால் பணம் இல்லை, பணம் இல்லாததால் வீடு இல்லை. இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது? வீட்டில்தான் வெட்ட முடியும் என்பது என் கருத்து.

தாமான்வாசி
மிஸ்ஸி அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நள்ளிரவில் கத்தினால் நான் யாருக்குத் தொலைபேசி அடிப்பது?

மூன்றாம் டிவிசன்
எல்லாரும் நோயைப் பற்றியே பேசுகிறீர்கள். வீடு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும், ஓய்வு பெற்றாலும் போகும். முப்பது நாற்பது வருடம் பால்மரம் சீவிய பெண்மணி கடைசி நாளன்று சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அதனால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. பிழைக்காதவை அதைவிட அதிகம்.

என் பெரியம்மா மகன் கதையைச் சொல்கிறேன். பதினெட்டு வயதில் அவருக்கு நோய் கண்டது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸருக்கு விவரம் தெரியும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராவிட்டால் "இன்றைக்கு அவனுக்கு முடியவில்லை" என்று விட்டுவிடுவார்கள். புல்வெட்டு, உரம் போடுதல் என்று ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டு, பெரியம்மா போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருபது வருடம் ஓட்டினார். லயம் காலியான பிறகு மலிவு விலை வீட்டுக்கு மாறினார்கள். வீடு பெரியம்மா பெயரில். அவர் இறந்ததும் மற்ற பிள்ளைகள் வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். இவருடைய பங்கு எங்கே போனது என்று கேட்காதீர்கள், குடும்பத்தில் சண்டை வரும். அண்ணன் வீட்டில் ஆறு மாதம், அக்காள் வீட்டில் நான்கு மாதம், பிறகு பஸ் நிலையம். நோய் அதே நோய்தான். தோட்டத்தில் இருந்தவரை அவரைத் தாங்க நாலு பேர் இருந்தார்கள்.

இதைத்தான் மணியம் மறுபடி உண்டாக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் படுகிறது. வீடு, கூடவே "இன்றைக்கு வரவில்லையே" என்று கவனிக்க ஓர் ஆள்.

நடத்துநர்
ஐந்தடியில் தூங்கும் ஒருவரின் படத்தை முகம் தெரியும்படி போட்டிருந்த பதிவை நீக்கிவிட்டேன். இரக்கத்தோடு போட்டிருந்தாலும் நீக்குவேன். தொடருங்கள்.

கிள்ளான் கணக்குப்பிள்ளை
உணர்ச்சி போதும், கணக்குக்கு வருவோம். என் மதிப்பீடு இது, ஊர் விலை தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

வரிசை வீடு ஒன்றுக்கு வாடகை மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்). மின்சாரம், தண்ணீர், எரிவாயு 150. மூன்று பேர் சாப்பாட்டுக்கு 900. ஆக 1,650. இரண்டு வீட்டுக்கு 3,300. இரண்டையும் கவனிக்க ஒரு முழுநேர ஆள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 221. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் சேர்த்தால் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். மொத்தத்தில் ஆறு பேருக்கு மாதம் 5,300. ஒருவருக்கு 900-க்கும் குறைவு. உதவித்தொகை கிடைக்கத் தொடங்கினால் இன்னும் இறங்கும்.

நாற்பது கட்டில் இல்லத்துக்கு நிலம் இனாம், கட்டடத்துக்கு நன்கொடை வரும். பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்க ஆள் கிடைப்பார்கள். மூன்று ஷிப்டுக்கு ஆள், சமையற்காரர், வேன், டிரைவர் என்று மாதாமாதம் சம்பளம் கொடுக்க யார் வருவார்கள்? பல இல்லங்கள் மூன்றாம் வருடத்தில் உண்டியலோடு கடைவீதிக்கு வருவது இதனால்தான்.

சட்டமும் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கவைத்துப் பராமரிக்கும் இடத்தைச் சமூக நலத்துறையில் பதிய வேண்டும். தீயணைப்புத் துறை, நகராண்மைக் கழகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வீட்டுக்கு மூன்று பேர் என்பது அந்த எண்ணிக்கைக்குக் கீழே நிற்கிறது. அதற்காக ஒளித்துச் செய்யாதீர்கள். நலத்துறை அதிகாரிக்கு முதலிலேயே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கோயில் கணக்கன்
நலத்துறைக்குக் கடிதம் கொடுத்தால் அவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா? முன்பு ஒரு முறை பட்டணத்தில் வாரிக்கொண்டு போனார்கள், நான் பார்த்தேன்.

பழைய மிஸ்ஸி
அது 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம். பிச்சை எடுப்பவர்களையும் போக்கிடமின்றி அலைபவர்களையும் பிடித்து, நீதிமன்ற உத்தரவோடு மூன்று ஆண்டுகள் வரை நலன்புரி இல்லத்தில் வைக்கலாம். மெர்சிங், ஜெராண்டுட் ஆகிய இடங்களில் அப்படிப்பட்ட இல்லங்கள் இருக்கின்றன. வாடகை வீட்டில் சாவியோடு இருப்பவரை யாரும் வாரிக்கொண்டு போக மாட்டார்கள். இதுவும் மணியத்தின் பக்கம் பேசும் காரணம்தான்.

பெயர் வேண்டாம்
இந்தக் கருத்துக்களத்தில் பல வருடமாக இருக்கிறேன், வேறு பெயரில். இதற்காக மட்டும் இந்தப் பெயர்.

எனக்கு ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய். இப்போது மாதம் ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டு ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். அதற்கு முன் தெருவில் இருந்தேன். ஓர் இல்லத்திலும் இருந்தேன். இல்லத்தில் அடி உதை எதுவும் கிடையாது, நல்லவர்கள்தான். ஐந்து மணிக்கு எழுப்புவார்கள், பஜனை, கஞ்சி, எட்டு மணிக்கு விளக்கணைப்பு. யாராவது பிறந்தநாள் என்று சோறு போட வருவார்கள், வரிசையில் நின்று கைகூப்பிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓடிவிட்டேன். தெருவில் படம் எடுக்க மாட்டார்கள்.

பிறகு ஓர் அம்மாள் தன் வீட்டுப் பின்னறையை வாடகைக்குக் கொடுத்தார். முதல் இரவு கட்டிலில் படுக்க முடியவில்லை. கதவுக்குக் குறுக்கே தரையில் படுத்தேன், விளக்கை அணைக்கவில்லை. சில வாரங்கள் அப்படித்தான் போயின. அந்த அம்மாள் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் கோப்பி வைத்துவிட்டு "இன்றைக்கு எப்படி?" என்று மட்டும் கேட்பார். எனக்கு மட்டும் கேட்கும் குரல்கள் அதிகமாக இருக்கும் நாளில் "இன்றைக்குச் சரியில்லை" என்று சொல்வேன். அவரே மருத்துவமனைக்குத் தொலைபேசி அடித்து எந்தத் தேதியில் வரலாம் என்று கேட்டு வைப்பார்.

தாமான்வாசி ஐயா, உங்கள் கேட்டை உலுக்கியவர் செய்தது தவறு. உங்கள் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அன்றைக்கு உலுக்கச் சொந்தமாக ஒரு கேட் இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தாமான்வாசி
தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்களைப் போன்றவர் பக்கத்து வீட்டுக்கு வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாரும் உங்களைப் போலவே இருப்பார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்?

கோவளத்து மருமகள்
நான் சித்தியவான் பெண், கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தவள். இங்கே 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பேன்யன்' என்ற அமைப்பு இருக்கிறது. தெருவில் திரிந்த பெண்களுக்கு இல்லமாகத்தான் தொடங்கினார்கள். பலர் குணமாகி ஊர் திரும்பினார்கள். திரும்ப முடியாதவர்கள் வருடக்கணக்கில் தங்கிவிட்டார்கள். அவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு, நாலைந்து பேர், கூட இருந்து உதவ ஓர் உதவியாளர். அந்த உதவியாளர் டாக்டரோ நர்ஸோ இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட உள்ளூர்க்காரர்தான். நான் அப்படி ஒரு வீட்டுக்குப் போன நேரம் உள்ளே பெரும் சண்டை. இரசத்தில் யார் உப்பை அள்ளிப் போட்டது என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் மாமியார் வீட்டில் நடப்பதும் அதுதான்.

இதற்கு எதிர்முனையையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக்காரர்கள்தான், தர்கா பக்கத்தில் இருந்தால் குணமாகும் என்ற நம்பிக்கையில். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஓர் இடம் என்று யார் சொன்னாலும் எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது. 2017-இல் வந்த இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், இடைநிலை இல்லங்களும் ஆதரவுடன் கூடிய குடியிருப்பும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டியவை என்றே எழுதிவைத்திருக்கிறது. எழுதியதெல்லாம் நடக்கிறதா என்பது தனிக்கதை.

ஈப்போ ஆசிரியர்
உத்தரவாதம் கேட்ட தாமான்வாசிக்கு ஒரு தகவல். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் முறையை மாற்றிப்போட்டார். அதுவரை "முதலில் மருந்து சாப்பிடு, குடியை நிறுத்து, பிறகு வீடு" என்றுதான் இருந்தது. அவர் முதலில் வீட்டைக் கொடுத்தார். இரண்டே நிபந்தனை: வருமானத்தில் 30 விழுக்காடு வாடகைக்குத் தர வேண்டும், தவறாமல் உதவியாளரைச் சந்திக்க வேண்டும்.

கனடா இதை 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தது. ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகள் வரை கவனித்ததில், வீடு முதலில் கிடைத்தவர்கள் சராசரியாக 73 விழுக்காடு காலம் நிலையான வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்கள் 32 விழுக்காடு காலம்தான். மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய்க்குறிகள் குறைந்ததில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீடு நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டைக் கொடுத்தால் பெரும்பாலோர் அதைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

செம்பனைக்காட்டான்
கனடாவில் அரசாங்கம் பணம் கொடுத்தது. இங்கே குத்தகையாளர் நிலம்தான் கொடுக்கிறார். அந்த நிலத்தை விற்று வாடகை கட்டச் சொல்லுங்கள், எத்தனை நாளில் காணாமல் போகிறார் என்று பார்க்கலாம்.

சிப்புட் மணியம்
நேற்றுச் செயற்குழுவில் இந்த இழையை அச்செடுத்துக் கொடுத்தேன். குத்தகையாளருக்குக் கோபம். நிலம் வேண்டாம் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை, முதலில் ஒரு வீட்டை ஓராண்டு நடத்திப் பார்க்கிறோம் என்று தீர்மானம் போட்டோம், ஏழுக்கு ஐந்து. யாரை முதலில் குடிவைப்பது என்று இப்போது சண்டை. குளித்துச் சுத்தமாக இருப்பவர், சொன்னபடி கேட்பவர், குடிக்காதவர் என்று பட்டியல் போடுகிறார்கள். மிஸ்ஸி அக்கா, இதற்கு என்ன சொல்வது?

பழைய மிஸ்ஸி
அப்படிப்பட்டவரை வைத்தால் வீடு நன்றாக நடக்கும், நீங்களும் படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம். பஸ் நிலையத்தில் இருப்பவர் அங்கேயே இருப்பார். நீண்ட நாள் தெருவில் இருப்பவரையும், உடம்பு மோசமாக இருப்பவரையும் முதலில் எடுங்கள். மூவரையும் ஒரே நாளில் குடிவைக்காதீர்கள். ஒருவர் பழகட்டும், பிறகு இன்னொருவர். யாரோடு இருக்கச் சம்மதம் என்று அவர்களையே கேளுங்கள்.

தினமும் போகிற ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. உருகி வழியும் தொண்டர் வேண்டாம், அதிகாரம் பண்ணுகிறவரும் வேண்டாம். போனவுடன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுகிற ஆள் ஒரு மாதத்தில் பகையாகிவிடுவார். அரிசிப் பானையைத் திறந்து பார்க்கட்டும், எரிவாயு அடுப்பைப் பார்க்கட்டும், உட்கார்ந்து ஒரு கோப்பி குடிக்கட்டும். தூக்கம் கெட்டிருக்கிறதா, சமைக்காமல் கிடக்கிறதா, சன்னலை அட்டை வைத்து மூடியிருக்கிறார்களா என்று பார்த்தால், நோய் திரும்புவது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போதே மருத்துவமனைக்குச் சொன்னால் போலீஸ் வர வேண்டிய தேவை இருக்காது.

தாமான்வாசி ஐயாவின் கேள்வி நியாயமானது, அதை நழுவ விடாதீர்கள். இரவில் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுங்கள். நோய் என்ன, மருந்து என்ன என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அது குடியிருப்பவரின் சொந்த விஷயம்.

தாமான்வாசி
எண்ணைக் கொடுத்து, அடித்தால் ஆளும் வந்தால், நான் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன். ஆதரவு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். என் வரிசையில் மற்றவர்கள் போடுவார்கள்.

கோயில் கணக்கன்
வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? சங்கத்தின் பெயரிலா?

கிள்ளான் கணக்குப்பிள்ளை
முடிந்தவரை குடியிருப்பவர்கள் பெயரில், சங்கம் ஜாமீன். சங்கத்தின் பெயரில் இருந்தால் செயற்குழு மாறும்போது அவர்கள் மறுபடி ஐந்தடிக்குத்தான். அடையாள அட்டை தொலைத்தவர்களுக்கு முதலில் பதிவிலாகாவுக்குப் போய் மறு அட்டை எடுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கும் இல்லை, மனுவும் இல்லை.

பூட்டிய வீட்டுக்காரர்
தாமான்வாசி சொன்ன மூன்று வீடுகளில் ஒன்று என்னுடையது. இப்போது ஜொகூரில் இருக்கிறேன். பின்பக்கக் கூரை ஒழுகுகிறது, தீபாவளிக்கு முன் சரிசெய்து தருகிறேன். வாடகை 550. இரண்டு மாத முன்பணம் வேண்டாம், ஒரு மாதம் போதும். வெள்ளைச் சுண்ணாம்பு நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரக் கணக்கை என் பெயரிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள், போன வாடகைக்காரர் விட்டுப்போன பாக்கியையே நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். மணியம், தனிச்செய்தியில் உங்கள் எண்ணை அனுப்புங்கள்.